மறதி நோயாளிக்கு ஆவேசம் வந்தால்: ஹாலோபெரிடாலா, ரிஸ்பெரிடோனா, குவெட்டியாபினா?

டிமென்ஷியா வந்த பெரியவர் சாயங்காலம் ஆனாலே "என் வீட்டுக்குப் போகணும்" என்று கதவைப் பிடித்து இழுப்பார், தடுத்தால் கை ஓங்குவார், ராத்திரி முழுக்க யாரும் தூங்க முடியாது. வேறு வழி தெரியாமல் டாக்டரிடம் போனால் சீட்டில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று இருக்கும். மூன்றுமே மனச்சிதைவு போன்ற நோய்களுக்காக வந்தவை.

மூன்றுக்கும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2005இல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சுமார் 10 வாரத்தில், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின் போன்ற புதிய தலைமுறை மருந்து சாப்பிட்ட டிமென்ஷியா முதியவர்களில் 100க்கு 4.5 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.6 பேர். இதயக் கோளாறும் நிமோனியா மாதிரியான தொற்றும்தான் முக்கியக் காரணம். 2008இல் ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது.

ஹாலோபெரிடால் பழசு, விலை குறைவு, ஆனால் கை கால் விறைப்பும் நடுக்கமும் இதில்தான் அதிகம். பெரிய அளவில் நோயாளிகளின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் மற்ற இரண்டைவிட இதில்தான் இறப்பு கூடுதல். இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், நடை தளர்ந்து பார்க்கின்சன் (நடுக்குவாத) நோய் மாதிரி இருக்கிறது, ஒரு நாள் தெளிவு மறுநாள் குழப்பம் என்றால் அது லூயி பாடி என்ற வகை டிமென்ஷியாவாக இருக்கலாம். அவர்களுக்கு ஹாலோபெரிடால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம், மற்ற இரண்டையும்கூட மிகுந்த எச்சரிக்கையோடுதான் கொடுக்க வேண்டும்.

ஆவேசத்தைக் குறைக்க ரிஸ்பெரிடோனுக்குத்தான் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. பக்கவாத அபாயமும் சேர்ந்தே வருகிறது. பிரிட்டனில் அல்சைமர் (டிமென்ஷியாவின் மிகப் பரவலான வகை) நடுத்தர நிலையிலோ முற்றிய நிலையிலோ இருப்பவர்களின் விடாத ஆவேசத்துக்கு, அதுவும் 6 வாரம் வரைதான் அனுமதி.

எனக்கு அதிகம் கவலை தருவது குவெட்டியாபின்தான். "லேசான தூக்க மாத்திரை மாதிரி" என்று நினைத்து மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். ஆவேசத்துக்கு இது கேட்கும் என்பதற்கான ஆதாரம் பலவீனம். படுக்கையிலிருந்து எழுந்ததும் பிரஷர் சட்டென்று இறங்கும், அரைத் தூக்கத்தில் பாத்ரூம் போகிறவர் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வார். மயக்கத்தில் சாப்பாடு ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும், நிமோனியா அப்படியும் வரும்.

சரி, மாத்திரையே இல்லாத வழி? குளிக்க வைக்கும்போது மட்டும் அடிக்கிற பாட்டிக்குத் தோள்பட்டை வலியாக இருக்கலாம், கையைத் தூக்கினால் உயிர் போகிறது, சொல்லத்தான் வாய் வரவில்லை. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காது கேட்காதது, சளிக்கென்று கொடுத்த மாத்திரை என எதுவும் காரணமாகலாம். நார்வே முதியோர் இல்லங்களில் 352 பேரை வைத்து 2011இல் வந்த ஆய்வில், வலிக்கு முறையாக மருந்து கொடுத்ததுமே ஆவேசம் நன்றாகக் குறைந்தது, பெரும்பாலோருக்கு வெறும் பாராசிட்டமால்தான். என் ஓட்டு முதலில் இதற்குத்தான்.

அதற்காக, கத்தியை எடுக்கிறவரையும் பயத்தில் இரவெல்லாம் அலறுகிறவரையும் அப்படியே விட முடியாது. அப்போது குறைந்த டோஸில் ரிஸ்பெரிடோன், லூயி பாடி இல்லை என்று பார்த்த பிறகு. சீட்டு வாங்கும்போதே "எதைக் குறைக்க இது, எப்போது நிறுத்துவது?" என்று கேளுங்கள். 6 வாரத்துக்கு ஒருமுறையாவது தேவையா என்று பார்க்கச் சொல்கிறது பிரிட்டனின் வழிகாட்டுதல். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்களுக்கு நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு ஆவேசம் திரும்பும், டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.