ஊர்க் கட்டுரைகளைக் கூடி எழுதுதல்: தமிழ் விக்கிப்பீடியாவில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஊர்களைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கடலூர் மாவட்டத்தின் தென்பகுதியான சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை வட்டாரங்கள்தாம் என் கவனிப்புப் பட்டியலின் (மாற்றம் நிகழ்ந்தால் அறிவதற்காக நான் குறித்துவைத்த பக்கங்களின்) பெரும்பகுதி. 2003-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இக்கலைக்களஞ்சியத்தைப் படித்துப் பயன்பெறுவோர் பலர். ஆனால், அன்றாடம் உள்ளே அமர்ந்து வேலை செய்பவருக்கு அது எப்படி இருக்கிறது, சிற்றூர்களைப் பற்றி எழுத எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை எழுதுவோர் குறைவு. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊர்க் கட்டுரையை எழுதி முடிக்க ஒருவர் போதும். அதை ஆண்டுக்கணக்கில் பிழையின்றிக் காத்துவர, வெவ்வேறு செய்திகளை அறிந்த நான்கைந்து பேராவது தேவை. அப்படிப்பட்டவர்களை ஒரே பக்கத்தில் கொண்டுவந்து சேர்ப்பதில் விக்கிப்பீடியாவுக்கு இணையான வேறொன்றை நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் உள்ளன. அவற்றுள் மிகப் பலவற்றுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை உண்டு. அரசுத் தரவுகளைக் கொண்டு ஒரே வார்ப்பில் தானியங்கி (தானே தொகுக்கும் நிரல்) மூலம் பதிவேற்றப்பட்டவை அவை. எந்த வட்டாரம், எந்தச் சட்டமன்றத் தொகுதி, எத்தனை ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை எவ்வளவு என்ற விவரங்களுக்குப் பிறகு, குடிநீர் இணைப்புகள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஊரணிகள், சுடுகாடுகள் என்று ஓர் அட்டவணை வரும். இறுதியில் அந்த ஊராட்சிக்குட்பட்ட சிற்றூர்களின் பட்டியல் இருக்கும். இவை உயிரற்ற கட்டுரைகள் என்று குறைசொல்வோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. கடைசியில் வரும் அந்தச் சிற்றூர்ப் பட்டியல் ஒன்றுக்காகவே அவற்றைப் போற்றுவேன். தன் குடியிருப்பின் பெயரைத் தேடி வரும் ஒருவர், அது விடுபட்டிருப்பதையோ பிழையாக அச்சேறியிருப்பதையோ கண்டு ‘தொகு’ என்பதை அழுத்துகிறார். எங்கள் வட்டாரத்தில் இன்று தொடர்ந்து பங்களிக்கும் சிலர் இவ்வாறு ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்து தங்கிவிட்டவர்களே.

ஊர்க் கட்டுரையில் முதன்மையான சிக்கல் சான்று. வீராணம் ஏரியை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகனின் விருதுப்பெயரான வீரநாராயணன் என்பதிலிருந்து அந்த ஏரி பெயர் பெற்றது என்பதும், அவன் மகன் இராசாதித்தன் அதை வெட்டுவித்தான் என்பதும் மரபாகச் சொல்லப்படுபவை. இராசாதித்தன் கி.பி. 949-இல் தக்கோலப் போரில் மாண்டவன். எனவே ஏரி 11-ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்டது என்றும், வெட்டுவித்தவன் இராசாதித்தன் என்றும் ஒரே வரியில் எழுதினால் அந்த வரி நிற்காது. ஆனாலும் அத்தகைய வரிகள் இணையத்தில் ஒன்றைப் பார்த்து ஒன்றாகப் பெருகிக் கட்டுரைக்குள்ளும் நுழையப் பார்க்கின்றன. இன்னொரு புறம், அந்த ஏரிக்கரையில் கதை தொடங்கும் புகழ்பெற்ற வரலாற்றுப் புதினமான ‘பொன்னியின் செல்வ’னில் வரும் 74 கணவாய்கள் (மதகுகள்) என்ற எண்ணை ஏரியின் இன்றைய அளவாகவே சேர்ப்பவர்களும் உண்டு. அவர்கள் தீங்கு நினைத்துச் செய்வதில்லை. அந்த ஊரின் மீதுள்ள பற்றினால் செய்கிறார்கள். ஆகவே அந்தத் தொகுப்பை மீளமைத்துவிட்டு (பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு) சும்மா இருந்துவிடாமல், கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் காரணத்தை இரண்டு வரியில் எழுதி, புதினம் பற்றிய தகவலை ‘இலக்கியத்தில்’ என்ற துணைத்தலைப்பின் கீழ் அவரையே எழுதச் சொல்வது எங்கள் வழக்கம். பெரும்பாலும் அவர் எழுதுகிறார்.

அதே கட்டுரையில், கூடி எழுதுவதால் விளையும் நன்மையையும் காணலாம். கல்வெட்டும் வரலாறும் படித்தவருக்கு நீர் வரும் வழி தெரியாது. மேட்டூரில் திறக்கப்படும் நீர் கொள்ளிடம் வழியாகக் கீழணைக்கு வந்து, அங்கிருந்து வடவாற்றில் பிரிந்து ஏரியை அடைவதைப் பாசனப் பணியில் ஊறிய ஒருவரால்தான் இடறலின்றி எழுத முடிகிறது. ஏறத்தாழ 1,465 மில்லியன் கன அடி என்ற கொள்ளளவை எழுதும்போது, அது வடிவமைப்பின்படியான அளவா, வண்டல் படிந்த பின்னுள்ள அளவா என்று கேட்கவும் அவருக்குத்தான் தோன்றும். 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் செல்வதைப் பற்றிச் சென்னையிலிருந்து எழுதுபவரின் பத்தியும், அந்த நீரை நம்பிப் பயிரிடும் ஊரிலிருந்து எழுதுபவரின் பத்தியும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் சான்றுடன் அடுத்தடுத்து வைத்த பிறகுதான் கட்டுரை முழுமை பெறுகிறது.

நடுநிலை நோக்கு என்ற கொள்கை எவ்வளவு பயன்மிக்கது என்பதை உடையார்குடி எனக்கு உணர்த்தியது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டியுள்ள இவ்வூரின் அனந்தீசுவரர் கோயிலில், இராசகேசரி என்ற பட்டம் கொண்ட அரசனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ சோமன் முதலியோரின் உடைமைகளைப் பற்றியது அது. இங்கே கரிகால சோழன் எனப்படுபவன் ஆதித்த கரிகாலன். அந்த அரசன் முதலாம் இராசராசன் என்று ஆய்வாளர் கொள்வர். இதை முன்வைத்துக் கொலைக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது பற்றி ஊகங்கள் ஏராளம். சில ஊகங்கள் இன்றைய சாதிப் பூசல்களுக்குத் தீனியாகவும் ஆகின்றன. இத்தகைய இடத்தில் நாங்கள் கைக்கொள்ளும் முறை எளியது. கல்வெட்டு சொல்வது ஒரு பத்தி. அதில் வரும் அரசன் இன்னார் என அடையாளம் கண்டது ஆய்வாளரின் முடிவு என்ற குறிப்புடன் அடுத்த வரி. கொலையின் பின்னணி பற்றிய கருத்துகள், சொன்னவர் பெயருடனும் நூலின் பக்க எண்ணுடனும் தனிப் பத்தி. பக்க எண் இல்லாத கருத்து பேச்சுப் பக்கத்திலேயே காத்திருக்கும். இவ்வாறு பிரித்து வைத்த பிறகு சண்டை முற்றிலும் ஓய்ந்துவிடாது என்றாலும், எதைப் பற்றிச் சண்டையிடுகிறோம் என்பது எல்லாருக்கும் தெளிவாகிறது.

ஆட்சி எல்லைகள் மாறும்போது வரும் வேலை இதைவிடப் பெரிது, கவர்ச்சியும் அற்றது. தென்னார்க்காடு மாவட்டம் 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. அதே ஆண்டில் தென்காசி, செங்கல்பட்டு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களும், 2020-இல் மயிலாடுதுறையும் வந்தன. ஒவ்வொரு பிரிப்பின்போதும் நூற்றுக்கணக்கான ஊர்க் கட்டுரைகளின் தகவற்சட்டம் (பக்கத்தின் ஓரத்தில் வரும் விவரப் பெட்டி), பகுப்பு, முதல் வரி, சில வேளைகளில் தலைப்பு உட்பட அனைத்தும் மாற வேண்டும். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருப்பதால், அடைப்புக்குறிக்குள் மாவட்டப் பெயரிட்டுப் பிரித்துக் காட்டும் தலைப்பு எதுவானாலும் இத்தகைய மாற்றத்தில் ஆட்டம் காணும். தலைப்பைக்கூட நகர்த்தி, பழைய தலைப்பில் தேடுவோரைப் புதியதற்குக் கொண்டுசெல்லும் வழிமாற்று வைத்துவிடலாம். நுட்பமான பிழை மக்கள்தொகையில்தான் ஒளிந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் மாவட்டத்துக்குரிய 34,58,873 என்ற எண், இன்று கள்ளக்குறிச்சியில் இருப்போரையும் சேர்த்தது. மாவட்டத்தின் பரப்பை மட்டும் குறைத்துவிட்டு இந்த எண்ணை அப்படியே விட்டால் அடர்த்தி தாறுமாறாகிவிடும். பெயரை மாற்றுவதற்குத் தானியங்கி உதவும். எந்த எண் எந்த எல்லைக்குரியது என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வரலாற்றுத் தாவலும் கவனிப்புப் பட்டியலும் இல்லையென்றால் நான் மேலே சொன்ன எதுவும் நடக்காது. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பதை இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிவதால், நேர்முகமாக அறியாத ஒருவரின் உழைப்பை நம்பி அடுத்த வரியை எழுத முடிகிறது. தொகுப்புச் சுருக்கத்தை வெற்றாக விடாமல் ‘சான்று சேர்ப்பு, பக்கம் இன்னது’ என்று எழுதும் பழக்கத்தைப் புதியவர்களுக்கு முதலில் சொல்லித்தருவேன். கைப்பேசியில் ஒரு சொல்லைத் திருத்துவதும் படம் ஏற்றுவதும் எளிது. அட்டவணையையோ வார்ப்புருவையோ (பல பக்கங்களில் பயன்படும் பொது அச்சையோ) தொடுவதற்குக் கணினியே ஏற்றது. படங்களை விக்கித் திட்டங்களுக்கான படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றும்போது ஆள்கூறுகளையும் (இடத்தின் அகலாங்கு, நெட்டாங்கையும்) சேர்த்துவிட்டால், பின்னாளில் அந்தப் படம் எந்தக் குளத்தின் கரை என்ற ஐயம் எழாது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது ஒன்று உண்டு. ஊர்ப் பெரியவர்களின் நினைவில் மட்டும் வாழும் செய்திகளுக்கு இங்கே இடமில்லை. இன்ன ஏரியின் கலிங்கு எந்த வெள்ளத்தில் உடைந்தது, எந்தத் தெரு எதனால் இடம்பெயர்ந்தது என்று ஒருவர் நேரில் கண்டதைச் சொன்னாலும், அச்சான நூலோ நாளிதழோ இல்லையெனில் கட்டுரையில் ஏற்ற இயலாது. மெய்யறிதன்மை (எழுதியதைப் பிறர் சான்றால் சரிபார்க்க இயலுதல்) கருதி இந்த விதி தேவை என்பதை முழுமனத்துடன் ஏற்கிறேன்; இல்லையென்றால் உடையார்குடிப் பத்தியைக் காக்க முடியாது. ஆனால் அந்தப் பெரியவர் மறைந்தபின் அச்செய்தியும் மறைந்துவிடுகிறது. ஆகவே, கோயில் குடமுழுக்கு மலர், பள்ளி நூற்றாண்டு மலர் போன்றவற்றில் ஊர் வரலாற்றை எழுதி அச்சேற்றுங்கள் என்று கேட்போரிடமெல்லாம் சொல்லிவருகிறோம். அத்தகைய மலர்கள் பொதுவாக நூலகங்களை எட்டுவதில்லை. ஈழத்து ஊர்களைப் பற்றி எழுதும் தன்னார்வலர்களுக்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) திட்டம் மலர்களையும் சிறு வெளியீடுகளையும் வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் திறந்து வைத்திருப்பது பெருந்துணை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் மலர்களுக்கும் அப்படியொரு சேமிப்பு அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

சலிப்பு வருமா என்று கேட்கிறார்கள். ஊரைப் புகழ்ந்து மட்டும் எழுத விரும்புவோர் விரைவில் சலித்துப்போகிறார்கள். ஒரு கல்வெட்டின் ஆண்டையோ ஓர் ஊராட்சியின் எல்லையையோ சரிபார்ப்பதில் இன்பம் காண்போர் நிலைக்கிறார்கள். புதிதாக வருபவர் தம் ஊராட்சிக் கட்டுரையைத் திறந்து, சிற்றூர்ப் பட்டியலைச் சரிபார்த்து, ஒரு படமும் ஆள்கூறும் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம். ஐயம் எழுந்தால் ஒத்தாசைப் பக்கத்தில் கேட்டால் பதில் வரும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் (எண்ணிக்கைக்கு அடிப்படையாகக் கொள்ளும் நாள்) 2027 மார்ச் 1. அதன் எண்கள் வெளிவரும்போது ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து மாற்றுவதைவிட, விக்கித் திட்டங்களின் பொதுத் தரவுத்தளமான விக்கித்தரவில் ஓரிடத்தில் பதிந்து தகவற்சட்டங்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளுமாறு செய்வதே நல்லது. அதற்கு முன்னேற்பாடாக, ஒவ்வோர் ஊராட்சியின் பெயரையும் அதன் கணக்கெடுப்புக் குறியீட்டுடன் பொருத்தி வைக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் உள்ள இடங்களில் இந்தப் பொருத்தத்தை அப்பகுதியை அறிந்தவர்தான் செய்ய முடியும். எங்கள் பகுதியில் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்திலிருந்து இந்தப் பணியைத் தொடங்கியிருக்கிறோம்.