அய்யனார் குதிரை மூக்கும் ஆறு சிலிண்டர் டர்போவும்: எம்440ஐ கூப்பேயில் 63,000 கி.மீ.

2022 மார்ச்சில் மியூனிக்கில் இந்த பி.எம்.டபிள்யூ கூப்பேயை (இரண்டு கதவு கார்) வாங்கியபோது ஒரு வருடப் பழசு, மீட்டரில் 11,000 கி.மீ. இருந்தது. இப்போது 74,000. ஓரளவு நியாயமாகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

வாங்க நினைத்த கார்களின் பட்டியலில் பி.எம்.டபிள்யூ எம்440ஐ மூன்றாவது இடத்தில்தான் இருந்தது. காரணம் அந்த முகம். 2019 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 'கான்செப்ட் 4' என்று காட்டியபோதே, நெட்டுக்குத்தாக நிற்கும் அந்த கிரில்லை, அதாவது முன்பக்கக் காற்றுத் துளையைப் பார்த்து, "விற்பனைக்கு வரும்போது சின்னதாக்கிவிடுவார்கள்" என்று நினைத்தேன். ஆக்கவில்லை. 1930களின் 328, 70களின் 3.0 சிஎஸ்ஐ என்ற தன் பழைய கார்கள் இரண்டுக்கும் இப்படி நெட்டு மூக்குதானே என்று கம்பெனி சொன்ன நியாயம் சரிதான். ஆனால் அவை ஒல்லியான மூக்குகள்.

முதலிடம் ஆடி எஸ்5-க்கு, அதாவது ஏ5-இன் வேகமான வடிவத்துக்கு. 2007-இல் வந்த முதல் ஏ5 கூப்பேயைப் பற்றி, தான் வடிவமைத்ததிலேயே அழகான கார் அதுதான் என்று சொன்னவர் வால்டர் டி சில்வா. முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஓடி, சக்கரங்களுக்கு மேலே மட்டும் லேசாக எழும்பி இறங்கும் அந்தத் தோள்கோடு அடுத்த தலைமுறையிலும் அப்படியே வந்தது. காகிதத்திலும் எஸ்5 கவர்ச்சியானது. ஐரோப்பாவில் 2019 முதல் அந்தத் தலைமுறை எஸ்5 டீசல்: 347 குதிரைத்திறன், 700 நியூட்டன் மீட்டர் இழுவிசை. இரண்டாவதாக இருந்த மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி43-க்கு 390, 520. எம்440ஐ-க்கு 374, 500. அந்த 700-ஐப் பார்த்ததும் ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

ஒரே வாரத்தில் மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். சி43-இல் வி6, ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களுக்கு ஒன்று என இரண்டு டர்போக்கள் (இன்ஜின் புகையின் வேகத்தில் சுற்றி, உள்ளே கூடுதல் காற்றை அழுத்தும் விசிறிகள்). சத்தத்தில் மற்ற இரண்டும் இதன் கிட்டே வராது. கியர் இறங்கும்போது சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். பத்து நிமிடம் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். உள்ளே திரையும் பொத்தான்களும் மட்டும் 2015-இல் பிறந்த வண்டி என்று காட்டிக்கொடுத்தன.

எஸ்5-இல் டர்போவுக்குத் துணையாக 48 வோல்ட்டில் ஓடும் மின்சார கம்ப்ரஸர் உண்டு. டர்போ வேகம் பிடிக்கும்வரை காத்திருக்கும் அந்த இடைவெளியை, கால் விநாடிக்குள் காற்றை அழுத்திக் கொடுத்து அது நிரப்பிவிடுகிறது. ஆட்டோபானில் (ஜெர்மன் அதிவேக நெடுஞ்சாலை) யாரோ பின்னாலிருந்து கைவைத்துத் தள்ளுவது போன்ற பிக்கப். ஆனால் எவ்வளவு நல்ல டீசலும் டீசல்தான். வளைவுச் சாலையில் ஒரு கியரை இழுத்து ஓட்டலாம் என்று நினைக்கும்போதே அது தீர்ந்துவிடுகிறது. இலை நிறைய விருந்தை ஒரே கவளத்தில் முடித்தது போல.

அப்புறம் எம்440ஐ. இதன் 500 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 1,900 சுற்றிலிருந்து 5,000 வரை அப்படியே நிற்கிறது. அதற்கு மேலும் 6,500 வரை இன்ஜின் சலிப்பில்லாமல் ஏறுகிறது. பலர் இதை இரட்டை டர்போ என்கிறார்கள். 'ட்வின்பவர் டர்போ' என்ற பெயர் செய்த குழப்பம் அது. உள்ளே இருப்பது ஒரே டர்போ, அதற்குள் இரண்டு தனிப் பாதைகள். முதல் மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு பாதையில், அடுத்த மூன்றின் புகை மற்றொன்றில். வெடிக்கும் வரிசை 1-5-3-6-2-4 என்பதால் இரண்டு பாதைகளும் மாறி மாறித்தான் ஊதும். ஒன்றின் வீச்சை மற்றது கெடுக்காது. தவில்காரர் வலக்கையும் இடக்கையும் மாற்றி மாற்றி வாசிக்கும்போது இடையில் ஓட்டை விழாதே, அந்த மாதிரி. சரி, முகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டேன்.

இந்த இன்ஜினை நான் முழுதாகப் புரிந்துகொண்டது ஆஸ்திரியாவின் கிராஸ்கிளாக்னர் மலைச்சாலையில். 36 கொண்டை ஊசி வளைவுகள். ஹோக்டோர் கணவாய் 2,504 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். என் பழைய கூப்பேயும் ஆறு சிலிண்டர்தான், டர்போ மட்டும் கிடையாது. அதே சாலையில் 2,000 மீட்டருக்கு மேல் அது சளி பிடித்த ஆள் மாதிரி ஏறும். வண்டியின் குற்றமில்லை, உறிஞ்சக் காற்றே இல்லை. எம்440ஐ-யில் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. வளைவு முடிந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால், கீழே ஊரில் வந்த அதே இழுப்பு. பின்சக்கரங்கள் பக்கம் சாய்ந்த நாலு சக்கர இழுவை என்பதால் ஈரச் சாலையிலும் பயமில்லை.

அன்றாடக் கணக்கு: ஆட்டோபானில் 130-இல் நிதானமாகப் போனால் 100 கி.மீ.-க்கு 8 லிட்டர் சொச்சம். குளிர்கால நகர ஓட்டத்தில் 12. மொத்தச் சராசரி 9.4. 98 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். ஆயில் சூடாகும்வரை 3,000 சுற்றைத் தாண்டுவதில்லை. வண்டியின் கணினி கேட்கும்வரை காத்திராமல் 15,000 கி.மீ.-க்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன். டர்போ வண்டிக்கு இதில் கஞ்சத்தனம் கூடாது. ஆயில் அளவைத் திரையே சொல்லும். எனக்கு இன்னும் அது பழகவில்லை. முன்னால் 225, பின்னால் 255 டயர் என்பதால் நாலையும் இடம் மாற்றிப் போட வழியில்லை. பின்டயர்கள் எனக்கு 26,000 கி.மீ.-தான் வந்தன. பின்னால் மட்டும் வேறு பிராண்ட் போட்டுக்கொள்ளலாம் என்றார் ஒரு டயர் கடைக்காரர். நாலு சக்கர இழுவையில் முன்பின் சுற்றளவு ஒத்துப்போக வேண்டும் என்பதால் மறுத்துவிட்டேன்.

முகத்துக்கு வருகிறேன். 2023 கோடையில் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா, வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, நம்மூர் அய்யனார் குதிரை மாதிரி மூக்கை விரிச்சுக்கிட்டு நிக்குது!" என்றார். கண்டிக்கிறாரா மெச்சுகிறாரா என்று தெரியவில்லை, ஆனால் அன்றிலிருந்து எனக்கு அது கிரில்லாகத் தெரிவதில்லை. மண்குதிரையின் மூக்காகவே தெரிகிறது, பிடித்தும் விட்டது. ஜெர்மன் நம்பர் பிளேட் 52 செ.மீ. நீளம், அது அந்த மூக்கின் நட்டநடுவில் போய் உட்கார்வதை மட்டும் இன்றும் பொறுக்க முடியவில்லை. கோடையில் சால்ஸ்பர்க் போய்வந்தால் கிரில் முழுக்கப் பூச்சி. ஈரத்துணியால் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால்தான் போகும். இருபது நிமிட வேலை.

என்னைத் தினமும் படுத்துவது கண்காட்சியில் யாரும் பேசாத ஒன்று: கதவு. இரண்டே கதவு என்பதால் நீளம் அதிகம். எங்கள் அடுக்ககத்தின் நிலத்தடிப் பார்க்கிங்கில் பக்கத்து வண்டி கொஞ்சம் ஒட்டி நின்றால், வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்க வேண்டும். அம்மா ஒருமுறை பின்சீட்டில் ஏறப் பார்த்துவிட்டு, "நான் என்ன சர்க்கஸ்காரியா?" என்று முன்சீட்டுக்கே வந்துவிட்டார். பிறகு மூன்று வாரமும் பின்னால் உட்கார்ந்தது என் மனைவி. அதன் கணக்கு இன்னும் தீரவில்லை. டிக்கி மட்டும் தாராளம்: 440 லிட்டர், இரண்டு பெரிய பெட்டி படுக்கும். கண்ணாடிக்குச் சட்டமில்லாத கதவு பார்க்க அழகு. ஒரு ஜனவரி காலையில் ரப்பருக்கு எண்ணெய் தடவ மறந்து வெளியே நிறுத்தியதில் கண்ணாடி உறைந்து ஒட்டிக்கொண்டது. என் தப்பு.

இன்று புதிதாக வாங்குபவருக்கு இந்தக் குழப்பம் பாதிதான். 2024-இல் வந்த புதிய ஏ5-இல் கூப்பேயே இல்லை. மெர்சிடிஸ் தன் சி, இ கூப்பே இரண்டையும் 2023-இல் சிஎல்இ என்று ஒன்றாக்கிவிட்டது. பழையதில் தேடுகிறவர்கள் எஸ்5-ஐயும் இதையும் ஒரே நாளில் ஓட்டிப் பாருங்கள், நேர்சாலையில் மட்டுமல்ல, ஒரு மேட்டு வளைவிலும். கிளம்பும் முன் வீட்டுப் பார்க்கிங்கில் டேப் வைத்து, பக்கத்துக் கோட்டுக்கு எத்தனை அங்குலம் மிச்சம் என்று அளந்துகொண்டு போங்கள்.