கால்சியத்துக்குப் பாலா, தோஃபுவா, ராகியா? பினாங்குச் சமையலறைக்கான ஓர் ஒப்பீடு

மலேசியச் சுகாதார அமைச்சின் 2017ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 19 முதல் 50 வயது வரையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும், ஐம்பதைக் கடந்த பெண்களுக்கு 1,200 மில்லிகிராமும் தேவை. காலையில் தோசையும் தே தாரேக் என்னும் இழுத்தாற்றிய தேநீரும், நண்பகலில் சோறும் சாம்பாரும் ஒரு பொரியலும், இரவில் மாமாக் கடை ரொட்டி சானாயும் என்று கழியும் நாளைக் கூட்டிப் பார்த்தால், அந்த அளவில் பாதியை எட்டுவதே கடினம் என்பது தெரியும். வயிறு நிறைந்துவிடுவதால் இந்தக் குறை பல ஆண்டுகளுக்கு வெளியே தெரிவதில்லை; உணவில் வராத கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஓர் உணவில் எவ்வளவு கால்சியம் உள்ளது என்பதைவிட, அதில் எவ்வளவு உடலில் சேர்கிறது என்பதே இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு கோப்பைப் பாலில், அதாவது சுமார் 240 மில்லிலிட்டரில், 300 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அதில் ஏறத்தாழ 32 விழுக்காடு, அதாவது 96 மில்லிகிராம், குடலில் உறிஞ்சப்படுகிறது. பசலைக்கீரையை 85 கிராம் சமைத்து உண்டால் அதில் 115 மில்லிகிராம் இருந்தும், கீரையிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உடலுக்குக் கிடைப்பது வெறும் 6 மில்லிகிராம்தான். ஒரு கோப்பைப் பாலுக்கு ஈடாகப் பதினாறு பங்கு கீரை வேண்டியிருக்கும். சந்தையில் பாயாம் என்று விற்கப்படும் தண்டுக்கீரை இனங்களிலும் ஆக்சலேட் மிகுதி. ஃபோலேட்டுக்காகவும் நார்ச்சத்துக்காகவும் இக்கீரைகளைத் தாராளமாக உண்ணலாம். எலும்புக்காக என்று எண்ணி உண்பதில் பொருளில்லை.

கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சவி, பக் சோய் என்னும் கீரை வகைகள் இதற்கு நேர் எதிரானவை. இவற்றில் ஆக்சலேட் குறைவு என்பதால், பக் சோயின் கால்சியத்தில் பாதிக்கு மேல் உடலில் சேர்கிறது. 85 கிராமில் சுமார் 40 மில்லிகிராம் கிடைக்கும். விழுக்காட்டளவில் இது பாலையே மிஞ்சுகிறது. நம் வீடுகளில் சவி மீ கோரேங்குக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கப்படுவது வீண். தேங்காய்ப்பூ போட்டுத் தாளித்துப் பொரியலாக்கினால் முட்டைக்கோஸைவிட நன்றாகவே இருக்கும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, சோயாப் பாலை உறைய வைத்துச் செய்யும் தோஃபுவை. ஆசியப் பெரியவர்களில் பெரும்பாலோருக்குப் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸின் செரிமானம் குறைவு என்பதால் இவர்கள் எண்ணிக்கை சிறிதன்று. கால்சியம் சல்பேட் இட்டு உறைய வைத்த தோஃபு 126 கிராமில் சுமார் 80 மில்லிகிராம் கால்சியம் உடலில் சேரும். ஏறக்குறைய ஒரு கோப்பைப் பாலின் பலன் இது. ஆனால் எதைக் கொண்டு உறைய வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமைகிறது. பொட்டலத்தில் இ516 அல்லது கால்சியம் சல்பேட் என்று இருந்தால் வாங்கலாம். குழாய் வடிவப் பொதியில் வரும் மிருதுவான முட்டைத் தோஃபு பெரும்பாலும் வேறு பொருள்களால் உறைவது. அதைக் கால்சியத்துக்கென்று நம்ப வேண்டாம். சௌராஸ்தா போன்ற சந்தைகளில் தௌகுவா என்னும் கெட்டித் தோஃபு விற்பவரிடம் உட்பொருள் விவரச் சீட்டு ஏதும் இராது. எதைப் போட்டு உறைய வைத்தார்கள் என்று அவரிடமே கேட்டுவிடலாம். சாலையோரச் சோயா பாலில், கால்சியம் தனியே சேர்க்கப்படாவிட்டால், மிகச் சொற்பமே உண்டு.

ராகிக்குத் தானியங்களில் இணையில்லை. 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை. ஆயினும் அதிலுள்ள ஃபைட்டேட் என்னும் பொருளும் துவர்ப்புப் பொருள்களும் உறிஞ்சுதலைக் குறைக்கின்றன. லிட்டில் இந்தியா மளிகைக் கடைகளில் வாங்கும் ராகி மாவை உடனே கரைத்துக் கஞ்சி காய்ச்சுவதைவிட, முழு ராகியை முளைகட்டி அரைத்தோ, மாவைப் புளிக்க வைத்துத் தோசையாக ஊற்றியோ உண்பது மேல், ஏனெனில் முளைப்பதிலும் புளிப்பதிலும் ஃபைட்டேட் குறைகிறது. பாலுக்கு மாற்று என்று இதைச் சொல்லமாட்டேன். அரிசிக்கும் மைதாவுக்கும் மாற்றாகக் கொண்டால் இதன் அருமை விளங்கும்.

நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மென்று தின்பவருக்கே அதன் கால்சியம் கிடைக்கும். ரசத்துக்கோ சூப்புக்கோ கொதிக்கவைத்து வடிகட்டி எறிந்தால் பெரும்பகுதி எலும்போடு குப்பைக்குப் போகிறது. உப்பு மிகுதி என்பதால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கழுவி, அளவோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

தே தாரேக்கைப் பால் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு. பல கடைகளில் அதில் ஊற்றப்படுவது தாவரக் கொழுப்பு கலந்த இனிப்பு கிரீமர். அதில் சர்க்கரை மிகுதி, பால் குறைவு. போதாததற்கு, சாப்பாட்டுடன் குடிக்கும் தேநீர் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தின் உறிஞ்சுதலைப் பெரிதும் தடுக்கிறது. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுவதும், இரும்பு உறிஞ்சுதலுக்கு உதவும் வைட்டமின் சி நிறைந்த கொய்யாவில் ஒரு துண்டைச் சோற்றுடன் சேர்ப்பதும் இரத்தசோகைக்கு ஆளாகும் பெண்களுக்குப் பயன் தரும்.

ஆகவே பால் ஒத்துக்கொள்பவருக்குப் பாலும் தயிருமே எளிய வழி. ஒத்துக்கொள்ளாதவருக்கும் பால் பொருள்களைத் தவிர்க்கும் சைவருக்கும் கால்சியம் சல்பேட் தோஃபுவும் சவியும் முதன்மை, ராகி துணை. கால்சியத்தை உறிஞ்ச உதவும் வைட்டமின் டி குறைந்தால் இவை எவையும் முழுப்பலன் தரா. குளிரூட்டிய அலுவலகத்திலேயே பகலைக் கழிப்பவர் வெயில் நாட்டில் வாழ்வதால் மட்டும் அதைப் பெற்றுவிட முடியாது. மீன் உண்பவர்களுக்குக் கெம்போங் (கானாங்கெளுத்தி), மத்தி போன்ற எண்ணெய்ப்பற்றுள்ள மீன்கள் ஓரளவு உதவும்.

மாத்திரை கடைசித் தேர்வாக இருக்கட்டும். கால்சியம் கார்பனேட்டை உணவுடன், ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமல் எடுத்தால் உறிஞ்சுதல் நன்றாயிருக்கும். கருவுற்றவர்கள் அதை இரும்பு மாத்திரையுடன் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும்.