ஒரு மணி நேரம், டிராக்மேன், என் ஸ்லைஸ்

கோல்ஃபில் டிரைவரை, அதாவது தூர அடிக்கான நீள மட்டையை, எடுத்தாலே பந்து வளைந்து வலப்பக்க மரத்துக்குத்தான். இந்த வளைவுக்குப் பேர்தான் ஸ்லைஸ். ரெண்டு வருஷமா 'ஃபேஸ் (பந்தில் படும் மட்டை முகம்) வலப்பக்கம் திறந்து கிடக்கு' என்று நானே முடிவுகட்டி, கிரிப்பை, அதாவது மட்டையைப் பிடிக்கும் பிடியை, முறுக்கிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு மச்சான் வற்புறுத்தலில் ஒரு சிமுலேட்டர் கூடத்தில் பயிற்சியாளரோடு ஒரு மணி நேரம்.

பந்துக்குப் பின்னால் டிராக்மேன், அடியை அளக்கும் ரேடார் பெட்டி. பத்து அடி அடித்ததும் திரையில் எண்கள்: கிளப் பாத் (மட்டை போகும் பாதை) மைனஸ் 6, ஃபேஸ் ஆங்கிள் மைனஸ் 1. அதாவது ஃபேஸ் இலக்குக்கு ஒரு டிகிரி இடப்பக்கம், மூடித்தான் இருக்கு! ஆனால் கிளப் போகும் பாதை 6 டிகிரி இடப்பக்கம். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் ஃபேஸ்தான் தீர்மானிக்கும். வளைவது ஃபேஸுக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசத்தால். அந்த 5 டிகிரிதான் என் ஸ்லைஸ். பயந்து இடப்பக்கம் பார்த்து நின்றேனே, அது பாதையை இன்னும் கெடுத்திருக்கு. கூத்துதான்.

மருந்து எளிது: பந்துக்கு வெளிப்புறம், என்னிடமிருந்து தள்ளி, ஒரு காலி அட்டைப்பெட்டி, அதில் இடிக்காமல் அடிக்கணும். முதல் நாலு அடியில் பெட்டி நசுங்கியது. கடைசியில் பாதை மைனஸ் 2, லேசான ஃபேட், அதாவது வலப்பக்கம் மெல்லிய வளைவு.

குறைகள்? ஃபேஸில் எந்த இடத்தில் பந்து பட்டது என்று பயிற்சியாளர் பார்க்கவே இல்லை. டிரைவரில் டோ பக்கம் (ஃபேஸின் வெளிநுனி) பட்டால் கியர் எஃபெக்ட் (மட்டைத் தலை திரும்புவதால் பந்துக்கு வரும் எதிர்ச்சுழற்சி) வந்து இடப்பக்கம் வளையும், கணக்கே மாறும். பட்ட இடம் தெரிய ஃபேஸில் அடிக்கும் பவுடர் ஸ்பிரேயை நானே கொண்டுபோகணும் போல. விரிப்பும் தேய்ஞ்சுபோனது, மணிக்கட்டு இன்னும் வலிக்குது. அடுத்த மாசம் 7 அயர்ன் மட்டையோடு மறுபடி போறேன்.