துணி நிற்கிறது, நூல்தான் இற்றுப்போகிறது: பழைய டெனிமும் வொர்க்வேரும் (தொழிலாளர் உடுப்பும்) போட்டுப் பழகியதில்

அலமாரியில் இருப்பது நிறைய. வாராவாரம் உடம்பில் ஏறுவது மூன்றுதான்: பழைய அமெரிக்க ஜீன்ஸ் ஒன்று, பிரெஞ்சுத் தொழிலாளர்கள் போட்ட நீல மோல்ஸ்கின் (கெட்டியான பருத்தித் துணி) ஜாக்கெட் ஒன்று, பழுப்பு டக் கான்வாஸில், அதாவது முரட்டுப் பருத்தித் துணியில் தைத்த சோர் கோட் என்ற வேலைக் கோட் ஒன்று. பல வருடமாகப் போட்டு, துவைத்து, ஒட்டுப்போட்டு, மறுபடி போட்டதில் ஒன்று புரிந்தது. பழைய உடுப்பில் முதலில் போவது பெரும்பாலும் துணி இல்லை, தைத்த நூல்.

ஜீன்ஸைச் சொல்கிறேன். உள்ளே சலவைக் குறிப்பு லேபிளே கிடையாது. அமெரிக்காவில் அது 1972-ல்தான் கட்டாயமானது, ஆகவே அதற்கு முந்தையதாக இருக்கலாம். தொடைப் பக்கம் இன்னமும் கெட்டி. ஆனால் ஒருநாள் குனிந்தபோது பின்பக்க நடுத்தையல் படபடவென்று விட்டுவிட்டது. வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தால் டெனிமில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. தையல் நூல் மட்டும் விரலில் தேய்த்தாலே பொடியாக உதிர்ந்தது. அப்போதெல்லாம் தைத்தது பருத்தி நூலில். வியர்வையும் வெயிலும் சலவையும் சேர்ந்து அதை இற்றுப்போகச் செய்துவிடும். பிற்பாடு வந்த, உள்ளே பாலியஸ்டர் இழை வைத்த நூல் இவ்வளவு சுலபமாக இற்றுப்போகாது.

இதனால்தான் "துவைக்கவே கூடாது" என்ற டெனிம் பக்தர்களின் விரதத்தோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. புது ஜீன்ஸில் எப்படியோ போகட்டும், பழையதில் அது கேடு. அழுக்கும் உப்பும் தையலுக்குள்தான் போய் உட்காரும். நான் உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுகிறேன். வெளுப்பு அழகாகத்தான் வந்திருக்கிறது. பாவு நூலைக் கயிறாகத் திரித்து இண்டிகோ நீலச் சாயத்தில் முக்கி முக்கி எடுக்கும்போது சாயம் மேலோடு நின்றுவிடும், நடுவே வெள்ளை அப்படியே இருக்கும். தேயத் தேய அந்த வெள்ளைதான் முட்டியிலும் தொடை மடிப்பிலும் எட்டிப் பார்க்கிறது. அதற்கு அழுக்கு தேவையில்லை, நடமாட்டம் போதும்.

செல்வெட்ஜ், அதாவது பிசிறாமல் நெய்து முடித்த துணிக்கரை பற்றியும் ஒரு வார்த்தை. அந்தக் கரை, துணி நாடாத் தறியில் குறுகிய அகலத்தில் நெய்யப்பட்டது என்பதற்கு அடையாளம். வலுவுக்கு உத்தரவாதம் இல்லை. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் 1905-ல் தொடங்கிய, இப்படிக் கரை வைத்த டெனிம் நெய்த வைட் ஓக் ஆலை 2017-ல் மூடியபோது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கரை இருக்கிறது என்பதற்காக மட்டும் விலையை ஏற்றிச் சொன்னால் நகர்ந்துவிடுவேன்.

ஜீன்ஸ் பாக்கெட் மூலைகளில் அடிக்கும் உலோகக் குமிழான ரிவெட்டின் கதை அதைவிடச் சுவாரசியம். தையல்காரர் ஜேக்கப் டேவிஸும் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் 1873-ல் காப்புரிமை வாங்கியது, பாக்கெட் மூலை கிழியாமல் இருக்கத்தான். பின்பாக்கெட் ரிவெட்டுகள் நாற்காலியையும் குதிரைச் சேணத்தையும் கீறுகின்றன என்று புகார் வர, 1937-ல் அவற்றைத் துணிக்குள் மறைத்தார்கள். உள்ளேயிருந்தே அவை துணியைத் தேய்த்துத் துளைத்தன. 1960-களின் பின்பாதியில் எடுத்துவிட்டு, நெருக்கமான குறுக்குத் தையல் போட்டார்கள்.

மூன்றில் எனக்குப் பிடித்தது மோல்ஸ்கின் ஜாக்கெட். நெருக்கமான சாட்டின் நெசவு, காற்று உள்ளே நுழையாது, முகப்பு வழுவழுப்பு. நியூயார்க் தெருக்களில் சைக்கிளில் சுற்றிப் படமெடுத்த பில் கன்னிங்ஹாம் போட்டிருந்ததும் இந்த மாதிரி பிரெஞ்சு நீல ஜாக்கெட்தான். என்னுடையதில் முழங்கையில் முந்தைய உரிமையாளர் போட்ட ஒட்டு மட்டும் இன்னும் அடர்நீலம், சுற்றிலும் சாம்பல் பூத்த நீலம். தோளில் ஏறியதும் பழகிய உடுப்பாகிவிடுகிறது. கான்வாஸ் கோட் அப்படியில்லை. வருடக்கணக்காகியும் முழங்கையை மடக்க விடாமல் முரண்டு பிடிக்கிறது. காலர் மடிப்பும் மணிக்கட்டு விளிம்பும் பிசிறத் தொடங்கிவிட்டன. எடையைத் தூக்கும் வேலை இருந்தால் எடுக்கிறேன்.

வாங்குமுன் நான் லேபிளைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் அக்குள், கவட்டை, பாக்கெட் மூலை: இரண்டு கட்டைவிரலாலும் தையலின் இருபக்கத்தையும் மெல்ல விரித்துப் பார்த்தால் நூலின் கதி தெரிந்துவிடும். கறுப்பு உடுப்பு என்றால் இன்னும் கவனம். சல்ஃபர் கறுப்புச் சாயம் ஈரமும் சூடும் உள்ள இடத்தில் கிடந்தால் அமிலம் உண்டாகும். அங்கே துணியே இற்றுப்போகும், எந்த நூலாலும் காப்பாற்ற முடியாது.

தையல் மட்டும் போனதென்றால் பயமில்லாமல் வாங்கலாம். பழைய ஊசித் துளைகளிலேயே மறுபடி ஊசி விட்டால் துணிக்குப் புதுக் காயம் இல்லை. கண்ணில் படும் இடங்களுக்கு, கூடவே வெளுக்கட்டும் என்று பருத்தி நூல். உள்தையலுக்குப் பாலியஸ்டர் கலந்தது. கவட்டையில் மட்டும் நான் அசல் பார்ப்பதில்லை, கையில் இருப்பதில் எது கெட்டியோ அதுதான்.