கண் மங்கியவருக்குக் கம்ப்யூட்டர்: பெரிதாக்குவதா, மடக்குவதா, கேட்பதா?

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான், கண் சரியில்லாதவர்கள் இரண்டு பேர். பெரியப்பாவுக்கு 71 வயது, கிளாகோமா. அவர் தங்கை, எங்கள் அத்தைக்கு 68. விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஓர் இடம் இருக்கிறதே, அது தேய்ந்துகொண்டே போகிறது. பெரியப்பா பர்மாவில், யங்கோனில் எங்கள் பகுதிக் கோயிலின் வரவு செலவைப் பார்க்கிறவர். அத்தைக்கு இணையத்தில் தமிழில் எது கிடைத்தாலும் சரி, கதை, சமையல் குறிப்பு, ஊர் வம்பு. எழுத்தைப் பெரிதாக்கிவிட்டால் இருவர் பிரச்சினையும் தீர்ந்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். மூன்று மாதம் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்ததில் அந்த நினைப்பு போயே போய்விட்டது.

கிளாகோமாவில் பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் போகும். "எல்லா ஜன்னலையும் சாத்திட்டுக் கதவு இடுக்கு வழியா பார்க்கிற மாதிரி இருக்குடா" என்பார் பெரியப்பா. அந்த இடுக்கில் எழுத்தைப் பெரிதாக்கினால் என்ன ஆகும்? முன்பு ஒரே பார்வையில் மூன்று சொல் தெரிந்த இடத்தில் இப்போது அரைச் சொல்தான் தெரியும். அத்தைக்கு நேர் எதிர். நேராகப் பார்க்கிற எழுத்து காணாமல் போகும், பக்கத்து எழுத்து தெரியும், அதனால் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் படிக்கிறார். விழித்திரையின் ஓரத்துக்கு நுணுக்கம் போதாது, ஆகவே அவருக்குப் பெரிய எழுத்து இல்லாமல் முடியாது. இந்த இரண்டு பேரையும் வைத்துத்தான் இனி வரும் எல்லாவற்றையும் எடை போடுகிறேன்.

முதலில், நம் ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற பையன்கள் எல்லோரும் செய்கிற வேலை. "பெரியவருக்கு எழுத்து தெரியலையா அண்ணே, இதோ" என்று திரையின் ரெசல்யூஷனை (அகலத்துக்கும் உயரத்துக்கும் எத்தனை புள்ளி என்ற கணக்கை) 1920க்கு 1080இலிருந்து 1280க்கு 720ஆகக் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் லேப்டாப்பிலும் அப்படித்தான் செய்தார்கள். எழுத்து பெரிதானது உண்மை, ஆனால் ஈரத் தாளில் மை ஊறிய மாதிரி ஆனது. அதே திரையில் ரெசல்யூஷனைத் தொடாமல் டிஸ்ப்ளே ஸ்கேலை (எல்லாவற்றையும் எத்தனை மடங்கு பெரிதாக வரைய வேண்டும் என்ற அமைப்பை) 150 சதவீதம் வைத்தால் எழுத்து அதே அளவுக்குத்தான் வரும் (1920ஐ ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள், அதே 1280), ஆனால் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்கும். இதில் ஒப்பிட ஒன்றுமே இல்லை, ரெசல்யூஷனைக் குறைப்பவரிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்.

விளிம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தமிழில் அர்த்தம் தொங்கிக்கொண்டிருப்பதே சின்னச் சின்ன இடங்களில்தான். கிக்கும் கீக்கும் வித்தியாசம் தலையில் ஒரு சுழி. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் ஒரு வளைவு. ணவும் னவும் மங்கலாகிவிட்டால் ஒரே மாதிரி இரண்டு மூன்று சுழிதான். எல்லாவற்றையும் விட முதலில் மறைவது புள்ளி, புள்ளி போனால் 'பாட்டு' என்பது 'பாடடு' ஆகிவிடுகிறது, அத்தை ஒவ்வொரு சொல்லையும் விடுகதை மாதிரி அவிழ்க்க வேண்டியிருக்கிறது. பர்மிய எழுத்தும் லேசுப்பட்டதல்ல. வட்டம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பாதி எழுத்தை அடையாளம் காண வேண்டும். கண் மருத்துவத்தில் லாண்டால்ட் வளையம் என்று ஒன்று உண்டு, ஓரிடத்தில் வெட்டுப்பட்ட வளையத்தைக் காட்டி வெட்டு எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். நாங்கள் கடைப் பலகையைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பரிசோதனையைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் போல.

ஆகவே எழுத்துருவை மாற்றிப் பார்த்தோம். விண்டோஸின் விஜயா அச்சில் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதே 12 புள்ளி அளவில் மற்றவற்றைவிடச் சின்னதாகத் தெரிகிறது, கோடும் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிகிறது. அந்த மெலிந்த இடம்தான் அத்தையின் கண்ணுக்கு இல்லாமல் போகிறது. லதா, நிர்மலா, நோட்டோ சான்ஸ் தமிழ் மூன்றும் பரவாயில்லை. இருவருமே தேர்ந்தெடுத்தது நோட்டோவின் நடுத்தரத் தடிமன். முழு போல்டு வேண்டாம், சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டு ண ஒரு கறுப்பு உருண்டையாகிவிடுகிறது.

இப்போது உண்மையான போட்டிக்கு வருகிறேன். மேக்னிஃபையரா, பிரவுசர் ஜூமா?

மேக்னிஃபையர் விண்டோஸிலேயே இருக்கிறது, விண்டோஸ் பொத்தானோடு கூட்டல் குறியை அழுத்தினால் வந்துவிடும், அதே பொத்தானோடு எஸ்கேப்பை அழுத்தினால் போய்விடும். 1600 சதவீதம் வரை ஏறும். பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். ஆனால் அது திரையை ஒரு படமாக எடுத்து ஊதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 200 சதவீதத்தில் திரையின் கால்வாசிதான் கண்ணில் இருக்கும், 400இல் பதினாறில் ஒரு பங்கு. மீதிக்கு மவுஸை இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு வரியை வலது கோடி வரை படித்துவிட்டு அடுத்த வரியின் தொடக்கத்துக்கு இடது கோடிக்குத் திரும்பி வருவதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பதே மறந்துபோகிறது. நான் பெருமையாக 400 வைத்துக் காட்டிய அன்று பெரியப்பா சொன்னது: "டேய் தம்பி, இவ்வளவு பெருசா வெச்சா நான் எதிர்வீட்டு மாடியில நின்னுதான்டா படிக்கணும்."

பிரவுசரில் கண்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தினால் கதை வேறு. எழுத்து பெரிதாகும்போது, ஒழுங்காகச் செய்யப்பட்ட பக்கமாக இருந்தால், வரியும் திரை அகலத்துக்குள் மடங்கிக்கொள்கிறது. வரி குட்டையாகும், பக்கம் நீளும், ஆனால் மேலிருந்து கீழாக மட்டும் நகர்த்தினால் போதும். அத்தை 250இல் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் படிக்கிறார். ஃபயர்பாக்ஸில் எஃப்9 அழுத்தினால் வரும் வாசிப்பு முறையில் விளம்பரம், பக்கப் பட்டை எல்லாம் போய்விடும், எழுத்துரு, வரி இடைவெளி, பின்னணி நிறம் மூன்றும் நம் கையில். பெரியப்பாவுக்கும் இதுதான் ஒத்துவந்தது, ஆனால் ஏறுமுகமாக அல்ல: எழுத்து 120 சதவீதம் மட்டும், பத்தியின் அகலத்தைத்தான் குறுக்கினோம். அந்தக் கதவு இடுக்குக்குள் ஒரு முழு வரி அடங்கிவிடுகிறது, கண்ணை அலையவிட வேண்டியதில்லை.

மேக்னிஃபையரைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால் அதுவும் முடியாது. கோயில் கணக்கு எக்ஸெல்லில் இருக்கிறது. எக்ஸெல்லையே ஜூம் செய்தால் மேலே உறைய வைத்த தலைப்பு வரிசையும் இடது பக்கப் பெயர்ப் பட்டியலும் சேர்ந்து பெரிதாகி, திரையில் பாதியை அவையே விழுங்கிவிடுகின்றன. நன்கொடை எவ்வளவு என்று பார்க்க ஒரு கட்டம்தான் மிஞ்சும். அங்கே எக்ஸெல்லை அதன் அளவிலேயே விட்டுவிட்டு, கண்ட்ரோல், ஆல்ட், எல் அழுத்தி லென்ஸ் வடிவத்தில் மேக்னிஃபையரை வைத்தால், பழைய காலத்துக் கைக்கண்ணாடி மாதிரி வேண்டிய கட்டத்தின் மேல் மட்டும் நகர்ந்து காட்டுகிறது.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் ஆளுக்கு ஆள் மாறும். வெள்ளையில் கறுப்பு எழுத்தின் ஒளி வேறுபாடு, அதாவது கான்ட்ராஸ்ட், 21க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 வேண்டும் என்கிறது இணைய அணுகல்தன்மை வழிகாட்டி. அப்படியும் சாம்பல் எழுத்தில் பக்கம் போடுகிறவர்களுக்கு என்ன வேண்டுதலோ தெரியவில்லை. அத்தைக்கு ஒரு கண்ணில் புரையும் தொடங்கியிருக்கிறது, வெள்ளைத் திரையின் வெளிச்சம் பனி மாதிரி சிதறுகிறது, அதனால் கறுப்பில் மஞ்சள் எழுத்து. பெரியப்பாவுக்கு அது ஆகவில்லை, கறுப்பில் வெளிர் எழுத்து அவருக்கு ஒளிவட்டம் கட்டுகிறது, மங்கிய மஞ்சள் தாள் நிறமே போதும் என்கிறார். ஒன்று மட்டும் எச்சரிக்கை. மேக்னிஃபையரில் நிறத்தைத் தலைகீழாக்கும் குறுக்குவழி இருக்கிறது, கண்ட்ரோல், ஆல்ட், ஐ. அது போட்டோவையும் சேர்த்துத் தலைகீழாக்கும். பேரன் படத்தைத் திறந்த அத்தை அலறிவிட்டார். எழுத்து, பின்னணி நிறங்களை மட்டும் மாற்றும் விண்டோஸின் கான்ட்ராஸ்ட் தீம் வைத்தால் இந்த வம்பு இல்லை. அப்புறம், கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது கறுப்புத் திரை மிச்சம் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சாதாரண எல்சிடி திரையில் அப்படியெல்லாம் இல்லை, பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும். வெளிச்சத்தைக் குறைத்தால்தான் மிச்சம்.

கடைசியாகக் காது. பெரியப்பாவால் அரை மணிக்கு மேல் எதையும் படிக்க முடிவதில்லை, கண்ணில் நீர் வந்துவிடுகிறது. எட்ஜ் பிரவுசரில் கண்ட்ரோல், ஷிப்ட், யு அழுத்தினால் பக்கத்தை உரக்கப் படிக்கிறது. வள்ளுவர், பல்லவி என்று இந்தியத் தமிழ்க் குரல்கள், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள். பர்மாத் தமிழுக்குத்தான் யாரும் குரல் கொடுக்கவில்லை. குரல் இனிமை, மூச்சு விட்டு மூச்சு விட்டுப் பேசுகிறது. சிக்கல் என்னவென்றால் அந்த நல்ல குரல்களுக்கு இணையம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எங்கள் ஊரில் கரண்டும் நெட்டும் மாறி மாறிக் கண்ணாமூச்சி ஆடுகின்றன. கதையின் நடுவில் பல்லவி நின்றுவிடுவாள்.

இன்னொரு வழி என்விடிஏ, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள், இலவசம். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் 2006இல் தொடங்கியது. அதோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும், ஆனால் தகர டின்னுக்குள் இருந்து யாரோ பேசுவது போல இருக்கும். நெட் தேவையே இல்லை. எக்ஸெல்லில் அம்புக்குறியை நகர்த்தினால் எந்தக் கட்டம், அதில் என்ன தொகை என்று சொல்லிக்கொண்டே வரும். முதல் வாரம் "இந்தத் தகர டின்னை நிறுத்துடா" என்ற பெரியப்பா, இப்போது வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறார், பக்கத்தில் இருக்கும் எனக்குத்தான் ஒன்றும் புரிவதில்லை. இனிமையைவிட எப்போதும் இருப்பதுதான் எங்களுக்குப் பெரிது, இதில் என் ஓட்டு தகர டின்னுக்கே.

எந்தக் குரலும் தோற்கிற இடம் ஒன்று உண்டு, பாமினி. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்று தெரிவது உள்ளுக்குள் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச். திருவிழா அறிக்கை ஒன்று இப்படி வந்தது, என்விடிஏ அதைப் படித்தது மந்திரம் ஓதுவது போல இருந்தது. எழுத்துருவை நோட்டோவுக்கு மாற்றலாம் என்றால் அதே ஆங்கிலக் குப்பை திரைக்கே வந்துவிடும். பர்மியத்தில் ஸோஜி எழுத்துருவால் பட்ட பாடும் இதே ஜாதிதான், 2019 அக்டோபர் 1 அன்று நாடே யூனிகோடுக்கு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு) மாறுவதாக அறிவித்து அதற்கு ஒரு வழி பிறந்தது. தமிழில் யூனிகோடு எப்போதோ வந்தும் பாமினியை விடாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேர்டு கோப்பாக வந்தால் யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் ஒட்டி எடுத்துவிடலாம். ஸ்கேன் செய்த படமாக வந்தால் இந்த வழி இல்லை, எங்களுக்கு மேக்னிஃபையர்தான் கதி.

பெரிய மானிட்டர் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 24 அங்குலத்திலிருந்து 32 அங்குலத்துக்குப் போனால் எழுத்து மூன்றில் ஒரு பங்குதான் கூடும். இருக்கிற திரையை 60 சென்டிமீட்டரிலிருந்து 30க்கு இழுத்து வைத்தால் காசில்லாமல் கண்ணுக்கு இரண்டு மடங்கு. அந்தத் தூரத்துக்கு ஏற்ற வாசிப்புக் கண்ணாடி மட்டும் வேண்டும், தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்ந்த பைஃபோகல் கண்ணாடி வைத்துக்கொண்டு முகவாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் சாயங்காலம் கழுத்துக்குத் தைலம் தேய்க்க ஆள் தேட வேண்டும். நாங்கள் நான்கு பழைய கணக்குப் பேரேடுகளை அடுக்கி அதன் மேல் லேப்டாப்பை வைத்திருக்கிறோம். அத்தை உட்காரும்போது இரண்டை எடுத்துவிடுகிறார்.