பழைய தபால்தலை, நோட்டு, நாணயம்: பினாங்கிலிருந்து வெளிநாட்டுக்கு எதில் அனுப்புவது?

லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் கடை போடுபவரோ வீட்டிலிருந்து இணையத்தில் விற்பவரோ, வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் எது மலிவு, எது சீக்கிரம் போகும் என்றுதான் பார்க்கிறார். பார்சல் வழியில் தொலைந்தால் யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை முதலில் பாருங்கள். அஞ்சலகப் பதிவுத் தபால், இஎம்எஸ் (அஞ்சல்துறையின் விரைவுச் சேவை), எக்ஸ்பிரஸ் கூரியர் மூன்றையும் பற்றி நினைத்து வைத்திருப்பது அங்கேயே மாறிவிடும்.

ஒரு கணக்கு. உறை, அட்டை எல்லாம் சேர்த்து 250 கிராம் எடையுள்ள பார்சல். உள்ளே பிரிட்டிஷ் ஆட்சிக்கால ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் தபால்தலைகள். பதிவுத் தபால் தொலைந்தால் சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் விதிப்படி அடிப்படை இழப்பீடு 30 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 40 அமெரிக்க டாலர். காப்புறுதி எடுக்காமல் கூரியரில் போட்டால் இழப்பீடு பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. விமானச் சரக்குக்கான மாண்ட்ரியால் ஒப்பந்தத்தில் 2024 டிசம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர். 250 கிராமுக்கு 6.5 எஸ்டிஆர் வருகிறது, பத்து டாலர்கூட இல்லை. சில கூரியர்கள் தங்கள் விதியில் இதைவிடக் கூடுதலாக ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கும். அனுப்பும் முன் படித்துப் பாருங்கள். இரும்புப் பெட்டிக்கு எடைக் கணக்கு சரி. ஒரு கிராம்கூட இல்லாத தபால்தலைக்கு அது பயன்படாது.

ஆகவே 200 வெள்ளிக்குள் (ரிங்கிட்) அடங்கும் தட்டையான பொருளுக்குப் பதிவுத் தபாலே போதும் என்பது எங்கள் கருத்து. அதற்கு மேல் போனால் எந்தச் சேவையானாலும் தனிக் காப்புறுதி வேண்டும். கூரியர் கவுண்டரில் விற்கும் கூடுதல் பாதுகாப்பை வாங்கும் முன், கலைப்பொருள், நாணயம், தபால்தலை ஆகியவற்றுக்கு உச்சவரம்பு உண்டா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். 5,000 வெள்ளி என்று அறிவித்துக் கட்டணமும் கட்டிய பிறகு, இந்த வகைப் பொருளுக்கு இவ்வளவுதான் என்று அவர்கள் சொல்ல விதியில் இடம் இருக்கும்.

இஎம்எஸ் நடுவில் நிற்கிறது. 30 கிலோ வரை பெரும்பாலான நாடுகள் ஏற்கும், பதிவுத் தபாலைவிட வேகம், போகும் வழியெல்லாம் ஸ்கேன் விழும். ஆனால் பெறும் நாட்டில் இறங்கியதும் அங்குள்ள அஞ்சல்துறையின் கைக்குப் போய்விடுகிறது. 2 கிலோவைத் தாண்டிய ஆல்பத்தைப் பதிவுத் தபாலில் போட முடியாது. அதற்கு இஎம்எஸ் நல்லது. மற்றபடி அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

கூரியரின் உண்மையான பலம் கையெழுத்து. பேபாலிலும் ஈபேயிலும் 750 அமெரிக்க டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட விற்பனையில், வாங்குபவர் பொருள் வரவில்லை என்று புகார் செய்தால், கையெழுத்திட்டுப் பெற்ற சான்று இல்லாத விற்பவருக்குப் பாதுகாப்பு கிடையாது. பேபாலில் 180 நாள் வரை புகார் எழுப்பலாம். RR என்று தொடங்கி MY என்று முடியும் பதிவுத் தபால் எண்ணுக்குச் சில நாடுகளில் டெலிவரி ஸ்கேன் விழாமலே போவதுண்டு. 750 டாலரைத் தொட்டால் கூரியர், கூடவே கூரியரைச் சாராத வெளிக் காப்புறுதி. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நோட்டு, நாணயம் என்றால் கணக்கே வேறு. 1959ஆம் ஆண்டு ஒரு டாலர் படகு நோட்டும் 1961ஆம் ஆண்டு பத்து டாலர் எருமை நோட்டும் செல்லாமல் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நமக்கு அவை சேகரிப்பு. பார்சலைத் திறக்கும் அதிகாரிக்கு அவை பணம். பெரிய எக்ஸ்பிரஸ் கூரியர்கள் ரொக்கத்தையும் தங்கக் கட்டியையும் தடைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. அஞ்சலிலும் காப்புறுதி இல்லாத கடிதத்தில் நோட்டு, நாணயம் வைக்கக் கூடாது. அனுப்பும் நாடு, பெறும் நாடு இரண்டின் சட்டமும் இடம் கொடுத்தால் மட்டுமே மூடிய உறையில் பதிவுத் தபாலாகப் போகலாம். தடைப் பொருள் தொலைந்தால் இழப்பீடு ஒரு காசும் வராது. பெறும் நாட்டின் அஞ்சல் தடைப் பட்டியலைப் பாருங்கள், கூரியரிடம் 'செல்லாத சேகரிப்பு நோட்டு' என்று எழுதிக் கேளுங்கள், பிறகு பணம் வாங்குங்கள். புத்தகம், வாழ்த்து அட்டை என்று பொய் எழுதி அனுப்பினால் காப்புறுதியும் செல்லாது.

சுங்கப் படிவத்தில்தான் வாங்குபவரின் பணம் வீணாகிறது. அஞ்சலில் பொருளின் மதிப்பு 300 எஸ்டிஆர் வரை என்றால் சிஎன்22 படிவம், அதற்கு மேல் சிஎன்23. வெறுமனே 'சேகரிப்புப் பொருள்' என்று எழுதாமல் சுங்கக் குறியீட்டையும் போடுங்கள்: தபால்தலை 9704, நாணயவியல் சேகரிப்பு நூறாண்டுக்கு மேற்பட்டதானால் 9705.31, மற்றவை 9705.39. இந்த வகைக்குள் வந்தால் பிரிட்டனில் இறக்குமதி மதிப்புக் கூட்டு வரி 5 விழுக்காடுதான். குறியீடு தவறினால் 20. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் சிறிய தொகைக்கும் இந்த வரி உண்டு. 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு அமெரிக்கா கொடுத்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 அன்று நின்றுவிட்டது. வரியைக் கட்டுவது விற்பவரா வாங்குபவரா என்று கூரியர் பில்லில் முன்பே குறிக்கலாம். இதைப் பேசி முடிக்காத பார்சல்தான் வாங்குபவர் வரி கட்ட மறுத்து, திரும்பி வரும் செலவையும் உங்கள் தலையில் வைக்கும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் வாங்குபவருக்கு மறுத்துவிடுங்கள். தொலைந்தால் படிவத்தில் எழுதிய தொகைக்கு மேல் கேட்க முடியாது.

மிகப் பழைய பொருள் என்றால் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் நினைவில் இருக்கட்டும். மரபுடைமைப் பொருளை உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. சந்தேகம் வந்தால் தேசிய மரபுடைமைத் துறையிடம் (ஜபாத்தான் வாரிசான் நெகாரா) கேளுங்கள்.

பொட்டலம் கட்டுவதில் நம் ஊர்ப் புழுக்கம்தான் பெரிய எதிரி. பயன்படுத்தாத தபால்தலையின் பின்பக்கப் பசை ஈரத்தில் உறையோடு ஒட்டிக்கொள்ளும். பசை போனால் விலையும் போகும். கிளாசின் என்னும் வழவழப்பான மெல்லிய காகித உறையில் இட்டு, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே அழுத்தாமல் வைத்து, ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஜிப் பையில் மூடுங்கள். நோட்டுக்குப் பாலியெஸ்டர் உறை. மென்மையான பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், நாளாக ஆக அதிலிருந்து கசியும் பிசுபிசுப்பு நாணயத்தில் பச்சையாகப் படியும். நாணயத்தை உறைக்குள் ஆட விடாதீர்கள். தரம் பிரிக்கும் இயந்திரத்தின் உருளையில் அது காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே டேப் போட்டு அசையாமல் இறுக்குங்கள். நாணயம் வைக்கும் அட்டை ஹோல்டரின் ஸ்டேப்ளர் முனைகளை இடுக்கியால் தட்டையாக்குங்கள்.

பெட்டி பெரிதானால் கூரியர் கட்டணம் எடையை விட்டு அளவுக்குத் தாவும். 30×25×20 செ.மீ. பெட்டியின் கன அளவு 15,000; 5,000 ஆல் வகுத்தால் 3 கிலோ. உள்ளே அரை கிலோதான் இருந்தாலும் 3 கிலோவுக்குக் கட்ட வேண்டும்.

மூடும் முன் நோட்டின் தொடர் எண், தராசு காட்டும் எடை, முகவரிச் சீட்டு மூன்றும் தெரியும்படி ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். லெபோ டவுனிங் தலைமை அஞ்சலகம் உட்பட எந்தக் கவுண்டரானாலும், பெட்டியைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். ரசீதில் உள்ள எடையும் உங்கள் தராசு காட்டிய எடையும் ஒத்துப்போகின்றனவா என்று அங்கேயே சரிபாருங்கள். வந்த பெட்டி காலியாக இருந்தது என்று வாங்குபவர் சொன்னால், முதலில் கேட்கப்படும் காகிதம் அந்த ரசீது.